அடிங்க பறையை, சிலிம் ரிவர் கேட்கட்டும்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிதானமான விமர்சனம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள். நான் பறை கேட்டுவிட்டு வந்தவன். அதுவும் தூரத்தில் நின்று கேட்டவனல்ல, அடிப்பவரின் வியர்வை என் சட்டையில் தெறிக்கிற தூரத்தில் நின்று கேட்டவன். அன்றிலிருந்து கண்ணில் படுகிறவர்களையெல்லாம் பிடித்து நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், காய்கறிக் கடையில் சொன்னேன், முடி வெட்டும் இடத்தில் சொன்னேன், சிலிம் ரிவர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னேன், அவரும் ரயில் வரும்வரை கேட்டுவிட்டு, "அடுத்த தடவை எப்போ, என்னையும் கூப்பிடுங்க" என்று போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது உங்கள் முறை. உட்காருங்கள்.

எங்கள் ஊர் பேராக்கில் இருக்கும் சிலிம் ரிவர். கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் நடுவில், ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே ஒரு பார்வை பார்த்துவிட்டு மறந்துபோகிற ஊர். வரலாற்றுப் புத்தகத்தில் எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் கொடுத்திருக்கிறார்கள். 1942 ஜனவரி 7, ஜப்பான் டாங்கிகள் துரோலாக் பக்கமிருந்து இறங்கி வந்து பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சில மணி நேரத்தில் சிதறடித்த நாள். அந்தச் சண்டையை எழுதியவர்கள் கிளப்பா பாலி தோட்டம், குளூனி தோட்டம் என்று எங்கள் தோட்டங்களின் பெயரைக்கூடக் குறித்திருக்கிறார்கள். அந்தத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த சனங்களைப் பற்றித்தான் ஒன்றும் காணோம். அவர்கள் என்ன நினைத்தார்கள், எதற்கு அழுதார்கள், யாரைச் சபித்தார்கள், ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாம் இருக்கிறது, ஐயா! பாட்டில் இருக்கிறது! அதைத்தான் அன்று கண்டுகொண்டேன்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் திடல். லயங்களை இடித்து எத்தனையோ காலமாகிவிட்டது, கித்தா மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, சனங்கள் பிரிந்து தாமான் வீடுகளுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். கோயில் மட்டும் நிற்கிறது, வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரையும் திரும்ப அழைத்துக்கொள்கிறது. அன்றைக்கு மத்தியானம் பேய்மழை. மாலையில் மழை விட்டு மண்ணிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஈரப் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஆளாளுக்குச் சட்டையாலேயே துடைத்துப் போட்டுக்கொண்டார்கள். கற்பூரம், கொசுவத்தி, வடைச் சட்டி, எல்லா வாசனையும் ஒன்றாய்க் கலந்து மூக்கில் ஏறுகிறது. இளைஞர்கள் ஒரு கூட்டம் லோரியிலிருந்து பறைகளை இறக்குகிறார்கள். பாதிப் பேர் பெண்கள். ஒருத்திக்குப் பதினாறு வயதுகூட இருக்காது, பள்ளிக்கூடப் பை இன்னும் தோளில் தொங்குகிறது!

காய்ந்த தென்னை மட்டையைப் போட்டு நெருப்பு மூட்டினார்கள். பறையைக் காய்ச்சுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல் மழை ஈரத்தில் தளர்ந்து, தட்டினால் 'தொப்பு தொப்பு' என்று சோம்பலாய்ச் சத்தம் போடும். அதை நெருப்புக்கு முன்னே சாய்த்துப் பிடிக்கிறார்கள், மெல்லத் திருப்புகிறார்கள், விரலால் சுண்டிப் பார்க்கிறார்கள், இன்னும் போதாது, மறுபடி காட்டுகிறார்கள், தோல் சூடேற ஏற அந்தச் சத்தம் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் 'டங்' என்று கணீரென்று கேட்கும் பாருங்கள், அந்த ஒரு தட்டுக்கே எனக்கு முதுகுத்தண்டு சிலிர்த்துவிட்டது. இன்னும் ஆட்டம் ஆரம்பிக்கவே இல்லை! ஒரு கையில் மெல்லிய நீளமான சிண்டுக் குச்சி, மறு கையில் குட்டையான அடிக்குச்சி. வட்டமாய் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடித்தார்கள்!

எப்படிச் சொல்வேன், அந்தச் சத்தம் காதுக்கு வரவே இல்லை, நேராக விலா எலும்பில் வந்து விழுந்தது, வயிற்றுக்குள் இறங்கியது, காலடியில் ஈரமண் அதிர்ந்தது, நாற்காலியில் சாய்ந்திருந்த ஆயாக்களின் தோள்கள் தானாக ஆடின, பால்புட்டியை உறிஞ்சிக்கொண்டிருந்த ஒரு குழந்தை புட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கியது, ஒரு சுற்று முடிந்து அடவு மாறியதும் நான் எழுந்து நின்றுவிட்டேன், எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது, மூட்டுவலிக்காரன், அரை மணி நேரம் கைதட்டிக்கொண்டே நின்றேன். வெட்கமா? எதற்கு வெட்கம்?

நடுவில் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். "தம்பி, இது சாவுக்கு அடிக்கிற மேளமாச்சே, கோயில் பக்கத்துல அடிக்கலாமா?" திடல் அமைதியானது. அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைதான் முன்னே வந்தாள். குரலில் துளியும் கோபமில்லை. "தாத்தா, இத சாவுக்கு மட்டும்தான் அடிக்கணும்னு சொன்னது யாரு தாத்தா?" என்று கேட்டாள். பெரியவர் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார். அவ்வளவுதான், மறுபடி அடி!

இந்தக் கேள்விக்குப் பின்னால் எவ்வளவு பெரிய கதை இருக்கிறது தெரியுமா? தமிழ்நாட்டுக் கிராமங்களில் பறையடிப்பது ஒரு சாதியின் தலையில் கட்டிய கட்டாய வேலை. செத்த மாட்டின் தோல், செத்த வீட்டின் வாசல், கூலி என்று பெயருக்கு ஏதோ கொஞ்சம். அதனாலேயே தலித் இயக்கத்தில் பலர் இனிமேல் பறையைத் தொடமாட்டோம் என்று குச்சியைக் கீழே வைத்தார்கள், அது நியாயமான கோபம். இன்னொரு கூட்டம், இழிவு என்று நீ சொன்ன அதே பறையை நடுத்தெருவில் நின்று நிமிர்ந்து அடிப்பேன் என்று எடுத்தது. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா சக்தி கலைக்குழுவைத் தொடங்கி, ஆண்கள் மட்டுமே தொட்ட பறையைத் தலித் பெண் பிள்ளைகளின் கையில் கொடுத்தார். மதுரைப் பக்கத்து வேலு ஆசான் வாழ்நாளெல்லாம் பறையடித்து, ஊர் ஊராய்ப் போய்க் கற்றுக்கொடுத்தார். 2025-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பறைக்குப் பத்மஸ்ரீ! அந்தச் செய்தியைப் படித்த காலையில் நான் வீட்டில் எல்லாரையும் எழுப்பிவிட்டேன்.

சரி, தோட்டத்துக்கு வருவோம். குழுவை வழிநடத்திய அக்கா ஒருவர் அடிக்கு அடி நடுவே கதை சொன்னார், அந்தக் கதைகளுக்காகவே இன்னொரு இரவு உட்காரலாம். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் விடியுமுன்னே சனங்களை எழுப்பிப் பெரட்டுக்கு வரவழைக்க அடித்தது எதை? தப்பு என்கிற பறையை! நம் தோலை நம் ஆளையே அடிக்கச் சொல்லி நம்மையே வேலைக்கு விரட்டியிருக்கிறார்கள். அதே மலையகத்தில், 1930-களில் என்ன நடந்தது கேளுங்கள். தோட்டத்துக்குள் வெளியாள் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. புடவை வியாபாரி வேஷத்தில் உள்ளே போய்த் தொழிலாளர்களிடம் பேசிய கோ. நடேசய்யர் 1931-இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மை என்ன செய்தார்? பாடினார்! தானே பாட்டுக் கட்டினார், கூட்டத்துக்குக் கூட்டம் போய்த் தானே பாடினார். இலங்கையில் இந்தியத் தமிழர்கள் படும் பாட்டைப் பாட்டாகவே எழுதி 1940-இல் சிறு நூலாக அச்சிட்டார். எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்குத் துண்டறிக்கை எதற்கு? ஒரு தடவை கேட்ட பாட்டு லயத்துக்குள் போய்விடும், கொழுந்து மலைக்கு ஏறிவிடும், கங்காணி எந்த மடியைச் சோதித்து அதைப் பறிமுதல் செய்வான்? மேடையில் ஒரு பெண் ஏறிப் பாடுவதே அதிசயமாயிருந்த காலம் அது. இந்த அம்மாவைப் பற்றி எனக்கு இத்தனை வயதுவரை ஒருவரும் சொல்லவில்லை! ஏன் சொல்லவில்லை? பள்ளிக்கூடத்தில் ஏன் இல்லை?

நம் பக்கத்திலும் பொறி கிளம்பாமல் இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது என்ன? சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி. கள்ளுக்கடையை மூடு. துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து. சைக்கிளில் உட்கார்ந்தபடி போகிற உரிமைக்காக, ஐயா! தலைவர் ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள், பட்டாளத்தை இறக்கிச் சுட்டார்கள், ஐந்து பேர் செத்தார்கள். இரண்டே வருஷத்தில் நேதாஜி வந்தார், இந்தி ஒரு சொல் தெரியாத தோட்டத்துப் பிள்ளைகள் ராம் சிங் இசையமைத்த அணிவகுப்புப் பாட்டை மனப்பாடமாய்ப் பாடிக்கொண்டு வரிசையில் நடந்தார்கள், நேற்றுவரை பால்வாளி தூக்கிய பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி தூக்கினார்கள். அந்த மெட்டைக் கேட்டாலே முதுகை நிமிர்த்தி உட்காருகிற பாட்டிகளை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

இப்போது நான் சொல்லப்போவதற்குக் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன். பறை ஓய்ந்திருந்த நேரம். அந்த அக்கா மைக்கைக் கூட்டத்துக்குள் கொண்டுவந்து, "நெரையில பாடின பாட்டு யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு பாட்டி, வெற்றிலைக் கறை, கையில் உளி வெட்டிய பழைய தழும்பு, மைக்கைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி மெல்லத் தொடங்கினார், இருட்டில் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, குளிர் குறையுமுன்னே மரத்தைக் கோடு போட்டால்தான் பால் நிற்காமல் ஒழுகும் என்பதற்காகப் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் போட்டுவிட்டு ஓடினவளின் பாட்டு அது, மங்கு மங்காய்ப் பால் சேர்த்துக் காண்டா வாளியில் சுமந்து ஸ்டோருக்கு வந்தால் எடையில் கைவைக்கிற கிராணியைப் பற்றிய பாட்டு, நேருக்கு நேர் சொன்னால் வேலை போகும் என்பதையெல்லாம் மரத்திடம் சொல்லுகிற பாட்டு, பாட்டியின் குரல் இரண்டாவது அடியில் நடுங்கி, மூன்றாவது அடியில் உறுதிப்பட்டு, நான்காவது அடி ஞாபகம் வராமல் நின்றுபோன அந்த நொடியில், என் பக்கத்து நாற்காலியிலிருந்து, ஆமாம், என் பக்கத்து நாற்காலியிலிருந்து என் அம்மா அந்த அடியை எடுத்துக் கொடுத்தார்! என் அம்மா! வீட்டில் சாமி பாட்டுக்குக்கூட உதடு அசைக்காத அம்மா, எங்களை வளர்த்த அத்தனை வருஷத்தில் பால்வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத அம்மா, எழுந்து நின்று பாடுகிறார், அந்தப் பாட்டி தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்க்கிறார், இரண்டு பேரும் மாறி மாறிப் பாடுகிறார்கள், இன்னும் இரண்டு குரல், அப்புறம் பின்வரிசையில் ஐந்தாறு குரல், யாரோ ஒரு பையன் பறையில் விரலால் மட்டும் மெதுவாகத் தாளம் கொடுக்க ஆரம்பித்தான், நான் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தேன், பக்கத்திலிருந்தவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார், அவரும் அழுதுகொண்டிருந்தார்.

சொல்லுங்கள், எந்தப் பேச்சாளர் இதைச் செய்வார்? எந்தத் தீர்மானம் செய்யும்?

அப்புறம் அந்த இளைஞர்கள் 'மனுசங்கடா' பாட்டை எடுத்தார்கள். 1968 டிசம்பர் 25, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணி. கூலி உயர்வு கேட்ட குடிசைச் சனம், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாய் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அந்த நெருப்பு உள்ளே எரிய இன்குலாப் எழுதியது அந்தப் பாட்டு. அதைத் தமிழ்நாடெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்த குரல் கே.ஏ. குணசேகரனுடையது. இருவருமே 2016-இல் போய்விட்டார்கள். ஆனால் பேராக்கில் ஒரு தோட்டத்துத் திடலில், கீழவெண்மணி எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாத பிள்ளைகள் தொண்டை நரம்பு புடைக்கப் பாடுகிறார்கள்! மைக் நடுவில் கொஞ்ச நேரம் இரைந்தது உண்மைதான், இரண்டாவது சரணத்தில் பாதி காதில் விழவில்லை, அதனால் என்ன, கூட்டமே பாடிக்கொண்டிருந்தது.

பாட்டு சோறு போடுமா என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. கேட்கட்டும். 1958, கேரளத்தில் தேவிகுளம் இடைத்தேர்தல். இ.எம்.எஸ்ஸின் கம்யூனிஸ்டு ஆட்சி மயிரிழைப் பெரும்பான்மையில் நிற்கிறது, வாக்களிக்கப்போவது தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ச் சனம். பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் ஆர்மோனியப் பெட்டியோடு மலையேறினார். சனங்கள் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த மெட்டுகளில் அவர்கள் கஷ்டத்தையே வைத்துப் பாடினார். கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். இந்த வெற்றி வரதராஜனுடையது என்று இ.எம்.எஸ்ஸே சொன்னதாக இன்றுவரை சொல்லுகிறார்கள். அந்த வரதராஜனின் குழுவில் பதின்ம வயதில் சேர்ந்து பாடித் திரிந்த தம்பிதான் நம் இளையராஜா! ராத்திரி லோரி ஓட்டுகிறவரிலிருந்து மருத்துவமனை நர்ஸ்வரை மலேசியாவே கேட்டுத் தூங்குகிற அந்த இசை, தோட்டத் தொழிலாளிக்குப் பாடிப் பழகிய இசை. நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது.

இன்னும் வேண்டுமா? 1945-இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் சுருட்டுத் தொழிற்சாலைக் கறுப்பினப் பெண்கள் வேலைநிறுத்தத்தில், மழையிலும் குளிரிலும் வாசலில் நின்று பாடிய தேவாலயப் பாட்டுதான் பிறகு 'வீ ஷல் ஓவர்கம்' ஆகி உலகம் சுற்றியது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையில் பாதரசத்தால் உடல்நலம் கெட்டுப்போன தொழிலாளர்கள் 2001-இல் ஆலை மூடியதிலிருந்து போராடிக்கொண்டே இருந்தார்கள். 2015-இல் சோபியா அஷ்ரப் ஒரு ராப் பாட்டுப் பாடினார், உலகமே திரும்பிப் பார்த்தது, அடுத்த மார்ச்சில் 591 தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது. பாட்டு மட்டும் செய்ததா? இல்லை, பதினைந்து வருஷப் போராட்டம் செய்தது. ஆனால் அந்தப் பாட்டு இல்லாமல் உலகத்தின் காது திறந்திருக்குமா? 2021-இல் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தபோது சிலிம் ரிவரில் எல்லாரும் ஆடினோமே, அது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பி அனுப்பப்பட்ட பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை அவர் பேரன் அறிவு எழுதியது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நம் பாட்டிகளின் கதைதானே அது, காடு மட்டும்தான் வேறு.

அன்று இரவு வீடு திரும்பும்போது காரில் அம்மா இன்னொரு பாட்டு பாடினார். கடைவீதி வரும்வரை பாடினார். நான் வேண்டுமென்றே சுற்று வழியில் ஓட்டினேன்.

ஒரு வேண்டுகோள். முத்தம்மாள் பழனிசாமி போன்றவர்கள் இந்தத் தோட்டத்துப் பாட்டுகளைத் தேடித் தேடிப் புத்தகமாக்கியிருக்கிறார்கள், வாங்கிப் படியுங்கள். ஆனால் புத்தகத்துக்குள் வராதது இன்னும் நம் வீட்டுத் திண்ணையில், தாமான் வீட்டு ஹாலில், தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் வீட்டில் பால்மரம் வெட்டிய அம்மாவோ பாட்டியோ அத்தையோ இருந்தால், இன்றைக்கே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள், "நெரையில என்னம்மா பாடுவீங்க?" என்று கேளுங்கள், கைப்பேசியை ஓடவிடுங்கள். முதலில் "எனக்கு ஒன்னும் தெரியாதுப்பா" என்பார்கள். விடாதீர்கள், இன்னொரு தடவை கேளுங்கள். உங்கள் பிள்ளைக்குக் கல்யாணம் வருகிறதா, ஒரு பறைக் குழுவைக் கூப்பிடுங்கள், நல்ல கூலி கொடுங்கள், முன்வரிசையில் நின்று கேளுங்கள். எனக்கும் ஒரு பத்திரிகை அனுப்புங்கள், கட்டாயம் வருகிறேன்.